தடங்கலுக்கு வருந்திய தொலைக்காட்சி

காலை ஆறரை மணிக்குத் தமிழ்ச் சேனல்களை வரிசையாக மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒன்றில் ஜோதிடர், மீன ராசிக்காரர்களுக்கு இன்று சந்திராஷ்டமம், வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது என்று எச்சரிக்கிறார். அடுத்ததில் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் முழங்கால் எலும்பின் பிளாஸ்டிக் மாதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆபரேஷனே வேண்டாம், எங்கள் மூலிகை போதும் என்கிறார். அதற்கும் அடுத்ததில், சீரியலில் மாமியாராக வரும் நடிகை பொட்டல் காட்டில் நின்று, பைபாஸிலிருந்து பத்தே நிமிஷம், பத்திரப்பதிவு இலவசம் என்று மனை விற்கிறார். இன்னொன்றில் ராசிக்கல் மோதிரம். மற்றொன்றில் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் கடன் தீரும் என்று ஒரு எண்கணித நிபுணர். ஏழு மணிக்கு மேல் இரண்டு தொகுப்பாளர்கள் வந்து உட்கார்ந்து, வெளியாகப் போகும் ஒரு படத்தின் நாயகியிடம், ஷூட்டிங் ஸ்பாட்டில் நடந்த மறக்க முடியாத அனுபவத்தைக் கேட்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து டிவி மாதிரி வருமா?" என்று ஒரு பெரியவர் சொன்னால், வீட்டில் இருக்கும் இளைய தலைமுறை சிரிக்கிறது. வயதானால் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று ஒதுக்கிவிடுகிறது. அப்படி ஒதுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அந்தப் புலம்பலில் இளமைக்கால ஏக்கம் இருக்கிறது, உண்மைதான். ஆனால், அதற்குள்ளே நியாயமான புகார் ஒன்றும் இருக்கிறது. ஏக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது புகாரையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னைக்கு அது வந்து சேர 16 ஆண்டுகள் ஆயின. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுதான் தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்ற தனி நிறுவனமானது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த தேவாசிஷ் பட்டாச்சார்யா வரைந்ததுதான், இரண்டு வளைவுகள் சுழன்று வந்து கண்ணாகக் கூடும் அந்தச் சின்னம். அது சுழலும்போது ஒலிக்கும் இசையை இன்று கேட்டாலும் ஐம்பது வயதுக்காரர்கள் செய்வதை விட்டுவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வீட்டில் டிவி இருந்தால் அதற்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. எண்பதுகளின் நடுவில்தான் அந்த வழக்கம் போனது. சென்னையிலேயே தயாரான சாலிடேரும் டயனோராவும் மரப்பெட்டிக்குள், இரண்டு பக்கமும் இழுத்து மூடும் கதவுகளோடு வந்தன. மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, ஜன்னலோரம் ஒருவர் நின்று, "இப்ப தெரியுது... போச்சு போச்சு... கொஞ்சம் பழையபடி திருப்பு" என்று கத்த, உள்ளே புள்ளிகளுக்கு நடுவே ஒரு முகம் தெளியும். தென் மாவட்டங்களிலும் கடலோர ஊர்களிலும் சென்னை நிலையம் எட்டாது. அங்கே உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைத்தான் முதலில் பார்த்தார்கள். சிங்களம் புரியாவிட்டாலும் பார்த்தார்கள். எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பு கிடைத்த பிறகுதான் மதுரைக்கும் நெல்லைக்கும் சென்னையின் நிகழ்ச்சிகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.

ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரம்தான். அதிலும் இரவு எட்டரைக்கு மேல் டெல்லி வந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவு அரை மணி நேரம் 'ஒளியும் ஒலியும்', அதில் ஐந்தோ ஆறோ பாட்டு. ஞாயிறு மாலை ஒரு தமிழ்ப் படம், அதுவும் நடுவில் செய்திக்காக நிற்கும். ஒளிபரப்பு அறுந்தால், 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வரும். எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியாது. தெரு முழுக்கக் கூடியிருக்கும் கூட்டம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் பலரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த நினைவுகள். நான் சொல்ல வந்தது, அந்தச் சில மணி நேரத்துக்குள் நம்மை எப்படி நடத்தினார்கள் என்பதை.

பெயரும் ஊரும் படித்த நிகழ்ச்சி

'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. நேயர்களின் கடிதங்களுக்கு நிலையத்தின் அதிகாரிகளே திரையில் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். ஜிகினா கிடையாது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மேஜை மேல் அஞ்சலட்டைக் கட்டு. எழுதியவரின் பெயரும் ஊரும் முதலில் படிக்கப்படும். பிறகு கடிதத்தின் சாரம். போன வாரம் போட்ட நாடகத்தில் வசனம் கேட்கவில்லை, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள், படத்தின் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டீர்கள் என்று பெரும்பாலும் திட்டுகிற கடிதங்கள்தான். அதைப் படித்துவிட்டு, நிலையத்தைச் சேர்ந்தவர் தவறிருந்தால் ஒப்புக்கொள்வார், இல்லையென்றால் காரணம் சொல்வார். பல பதில்கள் சமாளிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும், ஓர் அரசு நிறுவனம் தன்னைக் குறை சொல்லும் கடிதத்தை, எழுதியவரின் பெயரோடு, தன் திரையிலேயே வாரந்தோறும் படித்தது. கும்பகோணத்திலிருந்தோ குடியாத்தத்திலிருந்தோ ஒரு கார்டு எழுதிப் போட்டவர் தன் பெயரைக் கேட்ட நாளில் அந்தத் தெருவே பேசியது.

இன்று எந்தச் சேனலில் அப்படி ஒரு நிகழ்ச்சி இருக்கிறது? 'நேயர்களே, உங்கள் கருத்துகளை எங்களுக்கு அனுப்புங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கருத்து என்ன ஆனது என்று திரையில் வந்து யாரும் சொல்வதில்லை.

'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை அன்று நகரத்துப் பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். ஒளியும் ஒலியும் எப்போது வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அது இடைஞ்சலாகத் தெரிந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால், மாலையின் அருமையான நேரத்தை விவசாயிக்கென்று ஒதுக்கிய நிகழ்ச்சி அது. வரப்பில் நின்றுகொண்டு, தோளில் துண்டோடு ஒரு விவசாயி பேசுவார். என்ன ரகம் போட்டீர்கள், ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது, புகையான் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பவர் பொறுமையாகக் கேட்பார். வேளாண் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மருந்தின் அளவைச் சொல்லி, திரும்பவும் சொல்வார், எழுதிக்கொள்வதற்காக. விற்பதற்கு அவரிடம் எதுவும் இருக்காது. மருந்தின் அளவைச் சொல்வார், எந்தக் கடையில் வாங்கு என்று சொல்ல மாட்டார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செய்தி என்றால் ஷோபனா ரவி, வரதராஜன், சந்தியா ராஜகோபால், பாத்திமா பாபு, நிஜந்தன் என்று பெயர்கள் இன்னும் வரிசையாக வருகின்றன. ஷோபனா ரவியின் புடவையைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்தவர்கள் உண்டு. ஆனால், அவர்கள் நினைவில் நிற்பதற்குக் காரணம் உச்சரிப்பு. லகர, ளகர, ழகரம் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. விபத்துச் செய்தியையும் வெற்றிச் செய்தியையும் ஒரே நிதானத்தோடு வாசித்தார்கள். பதற்றப்படுவதா, மகிழ்வதா என்ற முடிவைக் கேட்பவரிடம் விட்டார்கள்.

நாடகத்துக்கும் தொடருக்கும் அன்று ஓர் அளவு இருந்தது. 13 வாரம் என்பது வழக்கமான கணக்கு. கே.பாலசந்தரின் 'ரயில் சிநேக'மும் எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்க'ளும் அந்தக் காலத்தவை. கதை தொடங்கியது, நடந்தது, முடிந்தது. முடியும் என்று தெரிந்ததால் எழுதுபவரும் முடிவை யோசித்தே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை தனிக் கதை. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரியில் தொடங்கி 1988 ஜூலை வரை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பி.ஆர்.சோப்ராவின் 'மஹாபாரத்'. இந்தி ஒரு சொல்லும் தெரியாத தமிழ்க் குடும்பங்கள், கதை தெரியும் என்ற ஒரே துணிச்சலில் உட்கார்ந்து பார்த்தன. ஆர்.கே.நாராயணின் 'மால்குடி டேஸ்' தொடரை சங்கர் நாக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் எடுத்தார். எல்.வைத்தியநாதனின் இசையைக் கேட்டால் சுவாமி என்ற சிறுவன் கண்முன் ஓடி வருவான். நேருவின் நூலை வைத்து ஷியாம் பெனகல் 53 பகுதிகளாக எடுத்த 'பாரத் ஏக் கோஜ்' வந்தது. இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது ஞாயிறு மதியத்தை. செவித்திறன் குறைந்தோருக்கான செய்தி முடிந்ததும், மாநில மொழிப் படம் ஒன்று போடுவார்கள். மொழிகளுக்கு முறை வைத்து, விருது பெற்ற படங்கள். வங்காளம், அசாமி, மலையாளம், கன்னடம், ஒடியா என்று எல்லாம் வரும். சத்யஜித் ராய், அடூர் கோபாலகிருஷ்ணன் என்ற பெயர்களைத் தமிழ்நாட்டின் சிறு நகரத்தில் இருந்த ஒரு பள்ளி மாணவன் ஃபிலிம் சொசைட்டி எதுவும் இல்லாமல் அறிந்துகொண்டது அந்த மதியங்களில்தான். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் பாதி படிப்பதற்குள் அது மாறிவிடும். ஆனாலும் படம் மனதில் நின்றது.

பார்ப்பவனுக்கு அது பிடிக்குமா என்று கேட்டுவிட்டு அவர்கள் போடவில்லை. அவனால் இதை ரசிக்க முடியும் என்று நம்பிப் போட்டார்கள். அந்த நம்பிக்கைதான் இன்று காணாமல் போனது.

பொற்காலம் என்று சொல்ல மாட்டேன்

குறைகளை மறைத்துவிட்டு ஏங்குவது சரியல்ல. தூர்தர்ஷன் அரசின் குரலாக இருந்தது. சென்னை நிலையம் தொடங்கியதே நெருக்கடி நிலைக் காலத்தில். ஆளுங்கட்சியின் அமைச்சர் அணையைத் திறந்தால் செய்தி, எதிர்க்கட்சியின் பேரணிக்கு இடமில்லை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1982-ல் தேசிய ஒளிபரப்பு வந்த பிறகு இரவின் முக்கியமான நேரம் இந்திக்குப் போனது. தமிழ்நாட்டு வீட்டில், தமிழர் வாங்கிய பெட்டியில், தமிழ் சில மணி நேரம் மட்டும் பேசியது என்ற வருத்தத்தில் முழு நியாயம் உண்டு.

அதனால்தான் 1993 ஏப்ரல் 14-ல், தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி தொடங்கியபோது தமிழ்நாடு அதைக் கொண்டாடியது. அடுத்தடுத்து ராஜ், விஜய், ஜெயா என்று வந்தன. நாள் முழுக்கத் தமிழ் கேட்டது. எதிர்க்கட்சித் தலைவர்களின் முகமும் திரையில் வந்தது. பல குரல்கள் கிடைத்தன. அந்த மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது வந்தே தீர வேண்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியார் சேனல்களின் காலை நேரம் தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. தூர்தர்ஷன் 1987-ல்தான் காலை ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு வந்த தனியார் சேனல்கள் காலையைக் கவனமாகவே நடத்தின. சன் டிவியில் சாலமன் பாப்பையா காலையில் வந்து, தினம் ஒரு குறளுக்கு மதுரைப் பேச்சில் பொருள் சொன்னார். சுகி சிவமும், வானொலியின் 'இன்று ஒரு தகவல்' வழியே வீடுகளில் ஒருவராகிவிட்ட தென்கச்சி கோ.சுவாமிநாதனும், 'இந்த நாள் இனிய நாள்' என்று சில நிமிடங்கள் பேசினார்கள். அடுப்பில் இட்லிப் பானையை வைத்துவிட்டு வந்து நின்றபடியே கேட்டுவிட்டுப் போன பெண்கள் எத்தனையோ பேர். 'வணக்கம் தமிழக'த்தில் மருத்துவர்கள், எழுத்தாளர்கள், ஆட்சியர்கள், விளையாட்டு வீரர்கள் வந்து உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்கள். தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான பொதிகையிலும் வேளுக்குடி கிருஷ்ணனின் கீதை விளக்கத்துக்குக் கடிகாரம் பார்த்து உட்கார்ந்த வீடுகள் இருந்தன. தென்கச்சியார் 2009-ல் மறைந்தார். அவர் விட்டுப்போன இடத்தில் வந்து உட்கார்ந்தது ராசிக்கல் வியாபாரம்.

தனியார்மயத்தால்தான் காலை கெட்டது என்று சொல்வதற்கில்லை. நல்ல காலையைத் தனியார் சேனல்களே ஒரு காலத்தில் கொடுத்தன, பிறகு அவையே அதை விற்றுவிட்டன.

எப்படி விற்றன? சேனலுக்கு வருமானம் இரவு எட்டு மணியைச் சுற்றி இருக்கிறது. காலையில் ஆட்கள் குளிக்கவும் சமைக்கவும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பவும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரக் கட்டணம் குறைவு. நல்ல நிகழ்ச்சியைத் தயாரிக்கச் செலவு ஆகும், போட்ட காசு திரும்பாது. அதைவிட, அரை மணி நேரத்தை அப்படியே ஒருவருக்கு விலைக்குக் கொடுத்துவிட்டால் தலைவலி இல்லை. வாங்குபவரே எடுத்து, வெட்டி ஒட்டி, நிகழ்ச்சியாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். சேனல் போட்டால் போதும். வாங்குபவர் யார்? அந்த நேரத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் எதையாவது விற்க முடிந்தவர். அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அதிகாலையில் தூக்கம் கலைந்துவிடும் முதியவர்கள், ஓய்வுபெற்றவர்கள், உடல்நலமில்லாமல் படுத்திருப்பவர்கள். இளைஞர்கள் போனில் இருக்கிறார்கள். ஆகவே காலை நிகழ்ச்சிகள் முழங்கால் வலியையும், சர்க்கரையையும், பிள்ளைக்கு இன்னும் திருமணம் ஆகவில்லையே என்ற கவலையையும் குறிவைக்கின்றன.

அந்த அரை மணி நேரத்தை ஒரு நாள் முழுதாக உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஒரு தொகுப்பாளினி, "டாக்டர், இப்போ நிறைய பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கே?" என்று கேட்கிறார். டாக்டர் என்று அழைக்கப்படுபவர் எந்தப் பட்டம் பெற்றவர், எந்தக் கவுன்சிலில் பதிவு செய்தவர் என்று எழுத்து வருவதில்லை. நோயின் கொடூரத்தைப் பத்து நிமிடம் சொல்கிறார். கால் எடுக்க வேண்டி வரும், கண் போய்விடும், கிட்னி போய்விடும். பயம் நன்றாக இறங்கிய பிறகு, சிகிச்சை பெற்றவர்கள் என்று மூன்று பேர் வருகிறார்கள். "மாடிப்படி ஏற முடியாம இருந்தேன், இப்ப ஓடறேன்" என்கிறார் ஒரு அம்மா. பிறகு தொலைபேசி அழைப்பு. "டிவி சவுண்டைக் கொஞ்சம் குறைச்சுக்குங்கம்மா" என்ற அந்த வழக்கமான வாக்கியம். அழைப்பவர் நோயின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் மருந்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார். திரையின் அடியில் போன் நம்பர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், இந்தத் தேதியில் சேலம், இந்தத் தேதியில் திருச்சி, இந்தத் தேதியில் நெல்லை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இன்ன லாட்ஜ் என்று பட்டியல். 'இந்நிகழ்ச்சியில் சொல்லப்படும் கருத்துகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் ஒரு வரி, படிப்பதற்குள் மறைந்துவிடும்.

என் பெரியம்மா ஒருவர் இதில் விழுந்தார். பல வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். காலையில் காபியோடு டிவி முன்னால் உட்காருவது அவர் பழக்கம். திரையில் ஓடிய நம்பரை நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, பேரனைக் கூப்பிடாமல் தானே போன் செய்து, பார்சலை வரவழைத்துக் காசு கொடுத்து வாங்கிவிட்டார். வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் கரும்பழுப்புப் பொடி. உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்கவில்லை. வெந்தய வாசனையும் அதற்கு அடியில் ஏதோ ஒரு கசப்பும். பொடி சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடச் சொன்னார்களாம், நிறுத்திவிட்டார். சில வாரங்களில் காலில் இருந்த சிறு புண் ஆறாமல் பெரிதாகி, மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். "டிவியிலயே சொல்றான், பொய்யா சொல்வான்?" என்று அவர் கேட்டதுதான் எனக்கு மறக்கவில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது? பல ஆண்டுகள் வயலும் வாழ்வும் பார்த்த கண்கள் அவை. டிவியில் வந்து ஒருவர் மருந்தின் அளவைச் சொன்னால் அது விசாரித்துச் சொல்லப்பட்டதாகத்தான் இருக்கும் என்று அவர் தலைமுறை நம்பக் கற்றது. பழைய தொலைக்காட்சி சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த அந்த நம்பிக்கையைத்தான் இன்றைய காலை நேரம் செலவழித்துக்கொண்டிருக்கிறது. குடும்பத்தின் நகையை அடகு வைத்து ஊதாரிப் பிள்ளை செலவு செய்வது போன்ற காரியம் இது.

ராசி பலன் பற்றி எழுதினால் கடவுள் நம்பிக்கைக்கு எதிரி என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் தினத்தாள் நாட்காட்டி தொங்கியது. கிழிக்கும்போதே அடியில் மேஷம் முதல் மீனம் வரை பார்ப்போம். லாபம், சுகம், செலவு, அலைச்சல் என்று ராசிக்கு ஒரு சொல். பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். 'அலைச்சல்' என்று போட்டதற்குப் பக்கத்தில், அலைச்சல் தீர இந்த மோதிரத்தை வாங்கு என்று நாட்காட்டி சொன்னதில்லை. இன்று பலன் சொல்பவரே பரிகாரமும் சொல்கிறார், பரிகாரத்துக்கான பொருளையும் விற்கிறார். சந்திராஷ்டமம் என்று டிவியில் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதையே தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது

இவற்றையெல்லாம் தடுக்கப் புதுச் சட்டம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்குத் தேவையில்லை. மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம் 1954-ல் வந்தது. இந்தியாவில் தொலைக்காட்சி வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே. நீரிழிவு, ரத்த அழுத்தம், புற்றுநோய், இதய நோய், உடல் பருமன் உள்ளிட்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, இவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. விளம்பரம் என்பதில் ஒளியாலும் ஒலியாலும் செய்யப்படும் அறிவிப்பும் அடங்கும் என்று அன்றே எழுதிவைத்திருக்கிறார்கள்.

கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994-லிருந்து இருக்கின்றன. மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சி கூடாது. ஒரு பொருளுக்கு அதிசய சக்தி இருப்பதாக நினைக்கவைக்கும் விளம்பரம் கூடாது. விளம்பரம் வேறு, நிகழ்ச்சி வேறு என்று பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அதில் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு 2 நிமிடம். இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு நாளைக் காலை டிவியைப் போடுங்கள். அரை மணி நேரம் முழுக்கவே விற்பனையாக ஓடும் நிகழ்ச்சி, இந்த 12 நிமிடக் கணக்கில் எங்கே அடங்கும்?

அதிசய யந்திரங்களை டிவியில் விற்பது சட்டவிரோதம் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் 2013-லிருந்து இருக்கும் மூடநம்பிக்கை எதிர்ப்புச் சட்டம் அதற்குத் துணையாக நின்றது. பெரியார் பிறந்த தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் இன்னும் இல்லை.

சேனல்காரர்களிடம் நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. பழைய நிகழ்ச்சிகளை மறுபடி போட வேண்டாம். கறுப்பு வெள்ளைக் காலத்துக்குத் திரும்ப வேண்டாம். விலைக்குக் கொடுத்த நேரம் என்றால், திரையின் மேல் மூலையில், கண்ணில் படும் அளவில், 'இது கட்டணம் பெற்று ஒளிபரப்பாகும் விளம்பரம்' என்று முழு நேரமும் போடுங்கள். மருத்துவர் என்று ஒருவரைக் காட்டினால் அவருடைய பட்டத்தையும் பதிவு எண்ணையும் போடுங்கள். காலையில் ஒரு கால் மணி நேரமாவது, எதையும் விற்காத ஒருவரைப் பேச விடுங்கள். உங்கள் செய்திப் பிரிவிலேயே அதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அரசின் பங்குக்கு, 2019-ல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2024 ஜனவரியில் பொதிகை, டிடி தமிழ் என்று பெயர் மாறியது. பெயரோடு நிற்காமல், வயலும் வாழ்வும் பார்த்த விவசாயியின் பேரனுக்கும் பேத்திக்கும் காலையில் என்ன வேண்டும் என்று அங்கே யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஜூனில் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஒரு நிகழ்ச்சியைப் பற்றி நீங்கள் புகார் எழுதினால் சேனல் 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், 15 நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பதில் திருப்தி தரவில்லையென்றால், அடுத்த 15 நாட்களுக்குள் ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். சேனலின் பெயர், தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், அதில் சொன்ன பொய் எது என்று ஐந்து விவரங்கள் போதும். முடிந்தால் திரையைப் போனில் படம் பிடித்து இணையுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் காலையில் என்ன பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் பாருங்கள். அன்றைக்கே அந்தப் புகாரை எழுதி அனுப்புங்கள்.